இரண்டு தடவை சொல்கிறவள்

பேசுவதற்கு முன்னால் சிவரஞ்சனி எச்சில் விழுங்குவாள். அடுத்து இடது கையின் இரண்டு விரல்கள் காது மடலுக்குப் பின்னால் போய் அதை லேசாக முன்னுக்குத் தள்ளும். வலது கை, எதிரே மைக் இருந்தாலும் இல்லாவிட்டாலும், வாய்க்கு ஒரு சாண் தள்ளிக் குவிந்து நிற்கும். உதடுகள் 'ப்பூ' என்று ஒரு வாய்க் காற்றை விடும். இவ்வளவும் கண்ணிமைக்கிற நேரத்தில் நடந்துவிடும். அதற்குப் பிறகு அவள் சொல்வது, "அம்மா, ரசத்துல உப்பு இல்ல" என்பதாக இருக்கும். தொடர்ந்து, அதே ஏற்றத்தில், அதே இறக்கத்தில்: "அம்மா, ரசத்துல உப்பு இல்ல."

"ஒரு தடவ சொன்னா போதாதாடி?" என்பாள் அம்மா மலர்கொடி. "ரெண்டு தடவ சொன்னா ரெண்டு தடவ போட்டுருவேன். அப்பறம் நீயேதான் குடிக்கணும்."

வீட்டில் இப்படி என்றால் பள்ளிக்கூடத்தில் கேட்கவே வேண்டாம். வருகைப் பதிவில் 'உள்ளேன் டீச்சர்' இரண்டு முறை வரும். கூடப் படிக்கும் நந்தினி ஒவ்வொரு நாளும் இரண்டாவது உள்ளேனுக்கு, "அது யாருடி, உன் தங்கச்சியா?" என்று திரும்பிப் பார்ப்பாள்.

ரஞ்சனியைச் சொல்லிக் குற்றமில்லை. அது தொழில் பழக்கம். அப்பா குழந்தைவேல் அரியலூரில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் 'ஸ்ரீ வரதராஜா சவுண்ட் சர்வீஸ்' வைத்திருக்கிறார். காதுகுத்து, கல்யாணம், கருமாதி, கட்சிக் கூட்டம் எதுவானாலும் குழாய் கட்டுவது அவர்தான். அதைத் தவிர ஒரு லோடு ஆட்டோ உண்டு. அதன் தலையில் முன்பக்கம் பார்த்து ஒரு குழாய், பின்பக்கம் பார்த்து ஒரு குழாய். ஜவுளிக்கடைத் தள்ளுபடி, கண் சிகிச்சை முகாம், நாளைக்குத் தண்ணீர் வராது என்கிற நகராட்சிச் செய்தி எல்லாம் அதில்தான் ஊரைச் சுற்றும்.

"மொத வாட்டி சொன்னா திரும்பித்தான் பாப்பான். ரெண்டாவது வாட்டி சொன்னாதான் கேப்பான்." குழந்தைவேலின் தொழில் சூத்திரம் இவ்வளவுதான். அரியலூரில் எந்த அறிவிப்பும் ஒரு தடவையோடு முடிந்ததில்லை. அந்த இரண்டு தடவையையும் சொல்கிற குரல் பத்து வருடமாக... இல்லை, அவ்வளவு இருக்காது, அவள் எட்டாம் வகுப்புப் படித்ததிலிருந்து, ரஞ்சனியுடையது.

அதற்கு முன் பேசிக்கொண்டிருந்தவர் பூங்காவனம் என்று ஒருவர். வெண்கலத் தொண்டை. ஆனால் எங்கே பந்தி போட்டாலும் அங்கே போய்விடுவார். ஒரு நாள் சொட்டு மருந்து முகாமுக்கு அறிவிப்புச் செய்யவேண்டும். பூங்காவனம் செந்துறைப் பக்கம் ஏதோ கிடா வெட்டில் இலை போட்டு உட்கார்ந்துவிட்டார். சுகாதார ஆய்வாளர் வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்க்கிறார். குழந்தைவேலுக்கோ மைக்கைக் கண்டால் ஆகாது. தெருவில் நின்றால் நாலு பேரை வாரிவிட்டு எட்டுப் பேரைச் சிரிக்கவைக்கிற மனிதர், மைக் முன்னால் நின்றால் 'அன்பார்ந்த' என்பதோடு முடிந்துபோவார். "நாக்கு உள்ள போயி ஒளிஞ்சிக்குது சார், வெளிய வரச் சொன்னா வரமாட்டேங்குது," என்று ஆய்வாளரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். பள்ளிச் சீருடையில் வந்த ரஞ்சனி புத்தகப் பையைக்கூட இறக்கவில்லை. மைக்கை வாங்கி, ஊதி, "தாய்மார்களே" என்றாள். ஆய்வாளர் கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார்.

ஊருக்கே தெரிந்த குரல். முகம் ஒருவருக்கும் தெரியாது. ஒரு தீபாவளிக்கு அம்மாவோடு துணி எடுக்கப் போனாள். சுடிதாரைப் புரட்டிப் பார்த்து, இதற்குத் தள்ளுபடி உண்டா என்று கேட்டாள். "அந்த ரகத்துக்கெல்லாம் கெடையாதும்மா," என்றாள் கடைப்பெண். "எல்லா ரகத்துக்கும் உண்டுன்னு ஆட்டோல சொன்னாங்களே?" என்றாள் ரஞ்சனி. "ஆட்டோல எவளோ வாய்க்கு வந்தத சொல்லிட்டுப் போவா. அவளயே போயி கேளுங்க." அந்தச் சமயம் பார்த்து வாசலில் அப்பாவின் ஆட்டோ போனது. எல்லா ரகங்களுக்கும், எல்லா ரகங்களுக்கும் என்று ரஞ்சனியின் குரல் கடைக்குள் புகுந்து வெளியேறியது. கடைப்பெண் எதிரே நின்றவளின் வாயைப் பார்த்தாள், தெருவைப் பார்த்தாள், மறுபடி வாயைப் பார்த்தாள். தள்ளுபடி கிடைத்தது.

இப்படியே இருந்திருந்தால் அவள் பி.காம். சேர்ந்து, சாயங்காலங்களில் ஆட்டோவுக்குப் பேசிக்கொண்டு, நிம்மதியாகக் காலம் தள்ளியிருப்பாள். கெடுத்தது கல்லங்குறிச்சித் தேர்.

பதினொன்றாம் வகுப்பு முழுப் பரீட்சை நேரம். கலியுக வரதராசப் பெருமாள் கோயிலுக்கு வண்டி வண்டியாகச் சனம் வந்துகொண்டிருந்தது. விளைந்ததில் ஒரு பங்கைச் சாமிக்குக் கொட்ட மூட்டையோடு வந்தவர்கள், மொட்டை போட வந்தவர்கள், ராட்டினத்துக்கென்றே வந்தவர்கள். தகவல் பந்தலில் ரஞ்சனி. காணாமல் போன குழந்தைகளை அழைப்பதும், கிடைத்த குழந்தைகளின் சட்டை நிறத்தைச் சொல்லிப் பெற்றவர்களை அழைப்பதும் வேலை. பந்தலுக்குள் ஒரு சட்டம் உண்டு. மைக்கை வெளியாள் கையில் கொடுக்கக் கூடாது. முன்பொரு திருவிழாவில் பெண்சாதியைத் தொலைத்த ஒருவர் பரிதாபமாகக் கேட்டார் என்று பூங்காவனம் மைக்கைக் கொடுத்துவிட்டார். அந்த ஆள் பெண்சாதியை அழைப்பதை விட்டுவிட்டு, மாமியார் வீட்டில் தனக்கு நடந்த அவமானங்களை ஒன்று விடாமல் தேர் இழுக்க வந்த அத்தனை சனத்துக்கும் சொல்லி முடித்தார். பெண்சாதி கடைசிவரை வரவில்லை. அன்றிலிருந்து இந்தச் சட்டம்.

மத்தியானம் சாய்கிற நேரத்தில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் பந்தலுக்கு வந்தாள். பூமிக்கடியில் கல்லாகிப் போன பழங்காலக் கடல் நத்தைகளைப் பார்க்க அரியலூர்ப் பக்கம் வெளிநாட்டு ஆட்கள் வருவது புதிதல்ல. இந்த அம்மாளும் வீட்டுக்காரரும் அப்படி ஸ்பெயினிலிருந்து வந்தவர்கள். தேர் பார்க்க நின்ற இடத்தில் கூட்டம் இரண்டு பேரையும் இரண்டு பக்கம் அள்ளிக்கொண்டு போய்விட்டது. அவருடைய போன் இவளுடைய பையில். கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. மைக்கைச் சுட்டிக்காட்டிக் கை நீட்டினாள்.

"குடுக்கக் கூடாது," என்றார் குழந்தைவேல், ஆம்ப்ளிபயருக்குப் பின்னாலிருந்து.

"பாவம்ப்பா."

"மாமியா கதைய ஸ்பெயின் பாசையில சொல்ல ஆரம்பிச்சா யாரு நிப்பாட்டுறது? நீயே சொல்லு."

"எனக்கு எப்படிப்பா தெரியும்?"

"அந்தம்மா சொல்றத அப்படியே சொல்லு. காதுல வாங்கி வாயில வுடு. கருமாதியில அய்யரு சொன்ன சமஸ்கிருதத்த நீ அப்படியே சொல்லல?"

அந்த அம்மாள் அவள் காதருகே குனிந்து, உடைந்த குரலில் சொன்னாள். ரஞ்சனி எச்சில் விழுங்கினாள். காது மடலைத் தள்ளினாள். ஊதினாள். கல்லங்குறிச்சி முழுக்கக் கட்டியிருந்த குழாய்களில் அது போனது: "இக்னாசியோ! எஸ்தோய் பியேன்!" நான் நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம் என்பது அப்போது அவளுக்குத் தெரியாது. அதோடு வாய் கேட்காமல் தமிழும் ஒட்டிக்கொண்டது. "தகவல் பந்தலுக்கு அருகே உங்கள் துணைவியார் காத்திருக்கிறார். இக்னாசியோ! எஸ்தோய் பியேன்!"

பொரி உருண்டை வாங்கிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டுப் பொரி உருண்டையே வாங்கினார்கள். தேர்வடம் பிடித்திருந்தவர்கள் வடத்தை விடவில்லை. அவ்வளவு பெரிய கூட்டத்தில் ஒரே ஒரு தலை மட்டும், வெயிலில் சிவந்துபோன ஒரு வழுக்கைத் தலை, தூரத்தில் கரும்புக் கடைகளுக்குப் பக்கத்தில் திரும்பியது. பந்தல் வாசலில் கைவீசி நின்ற மனைவியைக் கண்டு சனத்தைப் பிளந்துகொண்டு வந்தது. வரும் வழியெல்லாம் இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டே வந்தது. அந்த மனிதர் பந்தலுக்குள் நுழைந்து மனைவியைக் கட்டிக்கொண்டார். அந்த அம்மாளோ முதலில் அவர் முதுகில் ஓங்கி ஓர் அடி கொடுத்தாள். பிறகுதான் அழுதாள்.

"நம்ம ஊரு பொம்பளைங்க மாதிரியேதான்," என்றார் குழந்தைவேல், திருப்தியாக.

ரஞ்சனி வாய்க்கு எதிரே குவித்த கையை இறக்காமல் நின்றுகொண்டிருந்தாள். அதுவரை அவள் பேசியதெல்லாம் எல்லோருக்குமான பேச்சு. தண்ணீர் வராது என்றால் ஊருக்கே வராது. அன்றைக்குத்தான் முதன்முதலாக, ஊரே கேட்க, ஒரே ஒருவருக்காகப் பேசியிருந்தாள். தனக்கே புரியாத வார்த்தை எங்கோ போய் ஒரு மனிதனின் முதுகைத் தொட்டுத் திருப்பியிருந்தது.

அதற்கப்புறம் போனில் ஸ்பானிஷ் பாடம் இறங்கியது. சீப்பால் தலைவாரும்போது ஸ்பானிஷ், கேபிள் சுருட்டும்போது ஸ்பானிஷ். வீட்டுப் பின்கட்டில் சுவரெல்லாம் பழைய மெத்தையை ஆணியடித்து ஒரு ஒலிப்பதிவு அறை இருக்கிறது. விளம்பரங்களுக்காக அப்பா கட்டியது. அதற்குள் உட்கார்ந்து தன்னைப் பற்றி ஸ்பானிஷில் பேசிப் பதிவு செய்து, போட்டுக் கேட்டு, அழித்து, மறுபடி பேசுவாள். "மே யாமோ சிவரஞ்சனி. சோய் தே அரியலூர். மி பாத்ரே சே யாமா குழந்தைவேல்." என் பெயர் சிவரஞ்சனி, நான் அரியலூர்க்காரி, என் அப்பா பெயர் குழந்தைவேல். ஒவ்வொன்றும் இரண்டு தடவை. சொல்லவேண்டியதில்லை.

ஒரு நாள் அந்தப் பதிவு விளம்பரங்களோடு கலந்து பென்டிரைவில் ஏறிவிட்டது. கடைத்தெருவில், ஜவுளிக்கடை முதலாளி வாசலில் நிற்க, முன்குழாயும் பின்குழாயும் ஸ்பானிஷில் முழங்கின. பூக்காரம்மாள் ஒருத்தி கையை நீட்டி ஆட்டோவை மறித்தாள்.

"யாருய்யா இது, நேபாளத்துக்காரங்களா? ஸ்வெட்டர் கட போட்டுட்டாங்களா?"

"இல்லக்கா, என் பொண்ணு பேசுது."

"ஒன் பொண்ணுக்கு என்னாய்யா ஆச்சு?"

வீட்டுக்கு வந்த குழந்தைவேல் சாப்பிடும்வரை சிரிக்கவில்லை. சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது குழாயடியிலேயே உட்கார்ந்து சிரித்தார். "முதலாளி மூஞ்சியப் பாக்கணுமே! நாம குடுத்த விளம்பரமா இது, இல்ல நம்ம கடைய வித்துட்டானுங்களான்னு முழிக்கிறாரு!"

"அத அழிச்சிடுப்பா. அத அழிச்சிடுப்பா."

"அழிச்சாச்சு, அழிச்சாச்சு," என்றார் அவரும் இரண்டு தடவை.

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மொழிகள் படிப்பதற்கு விண்ணப்பம் போடலாம் என்று தெரிய வந்தது. எழுத்துத் தேர்வு, அதில் தேறினால் காணொலியில் ஒரு நேர்முகம். சேர்ந்தால் விடுதி. மூன்று வருடம் ஊரில் இருக்க முடியாது. செய்தி சொந்தத்துக்குள் பரவி, ஜெயங்கொண்டத்திலிருந்து பெரியப்பா ராஜராஜன் பஸ் பிடித்தே வந்துவிட்டார்.

"இங்கிலீஷ் படி, வேல கெடைக்கும். இந்தி படி, அதுவும் ஒரு கணக்கு. ஸ்பானிஷ் படிச்சுட்டு அரியலூர்ல யாருகிட்ட பேசுவ? நீ பேச, ஒங்கப்பன் குழா கேக்க வேண்டியதுதான்."

"கூட்டத்துல ஒருத்தருக்குப் புரிஞ்சா போதும் பெரியப்பா," என்றாள் ரஞ்சனி. பெரியப்பாவுக்குப் பதில் தோன்றுவதற்குள் அதையே மறுபடியும் சொன்னாள். பெரியப்பா இரண்டாவது தடவையில்தான் அதைக் கேட்டார் போலிருந்தது. காபியை ஆற்ற ஆரம்பித்தார்.

அப்பா மறுப்பே சொல்லவில்லை. "போடு பாப்பா, போடு," என்றுவிட்டார். அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. சண்டை போட்டிருந்தால் ஜெயித்திருப்பாள். ஒரு சாயங்காலம் பின்கட்டுப் பக்கம் போனபோது மெத்தை அறைக்குள் விளக்கு எரிந்தது. கதவு சரியாகச் சாத்தவில்லை. அப்பா மைக் முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். "அன்பார்ந்த," என்றார். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "அன்பார்ந்த..." எழுந்து நின்று பார்த்தார். நின்றாலும் அதற்கு மேல் வரவில்லை. ரஞ்சனி சத்தமில்லாமல் திரும்பிவந்து, விண்ணப்பம் போடப்போவதில்லை என்று அம்மாவிடம் சொன்னாள். ஸ்ரீ வரதராஜா சவுண்ட் சர்வீஸ் தன் குரலில்தான் ஓடுகிறது என்றாள். தான் போனால் ஆட்டோ ஊமையாகிவிடும் என்றாள். இதெல்லாம் இரண்டிரண்டு தடவை.

மலர்கொடி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஒங்கப்பன் மைக்கு முன்னாடிதான் ஊம. வூட்டுக்குள்ள அந்த வாய அடைக்க இன்னும் ஒரு ஆளு பொறக்கல. அத இத்தன வருசமா நான் பாத்துக்கிட்டுதான இருக்கேன், இனிமேலும் பாத்துக்கறேன். ஆட்டோக்கு ஒரு தொண்ட கெடைக்காமயா போயிடும்? ஒனக்கு இந்தப் படிப்பு வுட்டா கெடைக்குமா?" உருவிய காம்பால் மகளின் முழங்காலில் ஒரு தட்டு. "போயி போடுடி. போயி போடு. பாரு, என்னையும் ரெண்டு தடவ சொல்ல வைக்கிற."

எழுத்துத் தேர்வு திருச்சியில் நடந்தது. அதில் தேறிவிட்டாள். ஜூன் மாதத்தில் ஒரு நாள் காலை நேர்முகம். ஊரிலேயே சத்தம் புகாத இடம் வீட்டு மெத்தை அறைதான். போனை மைக் ஸ்டாண்டில் கட்டி வைத்தாயிற்று. இடைஞ்சல் ஒன்றே ஒன்று, அடுத்த தெருவில் காதுகுத்து. குழாய் கட்டியிருப்பது குழந்தைவேலே. நேர்முகம் தொடங்க இருந்த நேரம் அவர் அங்கே போய் ஆம்ப்ளிபயரை நிறுத்தினார்.

"என்னா மாமா, பாட்டு நின்னுபோச்சு?"

"பியூஸு போயிருச்சு மாப்ள. பாக்கறேன், பாக்கறேன்." பியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வந்து மெத்தை அறை வாசலில் காவலுக்கு உட்கார்ந்துகொண்டார்.

திரையில் மூன்று பேர். நடுவில் நரைத்த குறுந்தாடி வைத்த பேராசிரியர், இந்தப் பக்கம் ஓர் இளம் பேராசிரியை, அந்தப் பக்கம் எதையோ எழுதிக்கொண்டே இருந்த ஒருவர். ஆங்கிலத்தில் கேட்டார்கள். பெயர் என்ன, எந்த ஊர், ஏன் ஸ்பானிஷ்? ரஞ்சனி மனப்பாடமில்லாமல்தான் பதில் சொன்னாள். நன்றாகவே சொன்னாள். ஆனால் இரண்டு நிமிடத்திலேயே இளம் பேராசிரியை காதைத் தொட்டுக்காட்டினார். உங்கள் ஒலி எதிரொலிக்கிறது, ஒவ்வொரு வாக்கியமும் திரும்ப வருகிறது, இணைப்பைத் துண்டித்துவிட்டு மறுபடி வாருங்கள் என்றார்.

துண்டித்துவிட்டு மறுபடி போனாள். பெயர் சொன்னாள். ஊர் சொன்னாள்.

"இன்னும் எதிரொலி இருக்கிறது. வேறு போன் இருக்கிறதா?"

வாசலுக்கு ஓடி அப்பாவின் போனை வாங்கிவந்தாள். "நெட்டு சரியில்லியா பாப்பா? மாடிக்குக் குழா கட்டுற மாதிரி போனக் கட்டிருவோமா?" என்று அவர் எழுந்தே விட்டார். மூன்றாவது முறையாகத் திரைக்குள் போய், "குட் மார்னிங் சார்" என்றாள். "குட் மார்னிங் சார்" என்றாள். அப்போதுதான் அவளுக்கே உறைத்தது. காதோரத்து விரல்கள் அங்கேயே நின்றன. எழுதிக்கொண்டிருந்தவர்கூடப் பேனாவை வைத்துவிட்டார்.

இவ்வளவு தூரம் வந்து கெட்டது என்று நினைத்தாள். மறைத்துப் பயனில்லை. "எக்கோ இல்ல சார், நான்தான்," என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அதை ஒரு தடவையோடு நிறுத்த முயன்று, முடியாமல், மறுபடி சொன்னாள். மைக்செட் வீடு, முன்குழாய், பின்குழாய், முதல் தடவைக்குத் திரும்பிப் பார்ப்பார்கள், இரண்டாவதில்தான் கேட்பார்கள் என்று எல்லாவற்றையும் சொன்னாள். கல்லங்குறிச்சித் தேரைச் சொன்னாள். அந்த வழுக்கைத் தலை கூட்டத்தில் திரும்பியதைச் சொன்னாள்.

பிறகு குறுந்தாடிக்காரர், அதை அன்று அழைத்த மாதிரியே இப்போது அழைக்க முடியுமா என்று கேட்டார்.

விழுங்கினாள். தள்ளினாள். ஊதினாள். "இக்னாசியோ! எஸ்தோய் பியேன்!"

மெத்தையெல்லாம் தாண்டி அது வாசலில் இருந்த குழந்தைவேலுக்கே கேட்டது. திரையில் மூன்று பேரும் ஒரே நேரத்தில் காதிலிருந்ததைப் பிடுங்கினார்கள். இரண்டாவது தடவையும் சொல்லி முடித்தபோது, குறுந்தாடிக்காரர் கூட்டத்துக்குள்ளிருந்து வருகிறவரைப்போல இரண்டு கைகளையும் மேலே தூக்கினார். இளம் பேராசிரியை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நன்றி, முடிவு பிறகு தெரியும் என்றார்கள். திரை இருண்டது.

"எப்படி பாப்பா?"

"சிரிச்சாங்கப்பா. சிரிச்சாங்கப்பா."

"சிரிச்சா நல்லதா கெட்டதா?"

அது அவளுக்கும் தெரியவில்லை. அடுத்த தெருவில், "மாமா, காதே குத்தி முடிச்சாச்சு, பாட்டு எங்க?" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். குழந்தைவேல் சட்டைப்பையைத் தடவிக்கொண்டே ஓடினார்.

ஆடி வந்தது. ஆடி என்றால் மைக்செட்காரர்களுக்கு அறுவடை. மெத்தை அறைக்குள் ரஞ்சனி தள்ளுபடி விளம்பரம் பேசிக்கொண்டிருந்தாள். வெளியே அப்பா ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒலி அளவு பார்த்துக்கொண்டிருந்தார். "பட்டுப் புடவைகளுக்கு ஆடிச் சிறப்புத் தள்ளுபடி! பட்டுப் புடவைகளுக்கு ஆடிச் சிறப்பு..." என்றபோது மடியிலிருந்த போன் ஒளிர்ந்தது. ஹெட்போனில் ஒரு மூச்சு கேட்டது. பிறகு, "கெடச்சிருச்சு."

குழந்தைவேல் கதவைத் தட்டினார். "கெடச்சிருச்சுன்னு அவங்க எழுதிக் குடுத்ததுல இல்லியே பாப்பா. இருந்தாலும் நல்லாத்தான் இருக்கு, வச்சிக்கலாமா?"

கதவு திறந்தது. ரஞ்சனி போனை நீட்டினாள். அவர் கண்ணாடியைத் தேடினார். தலையில்தான் ஹெட்போனோடு மாட்டியிருந்தது. அதற்குள் மலர்கொடி அடுப்படியிலிருந்து வந்துவிட்டாள். மகளின் முகத்தைப் பார்த்தாள்.

"என்னடி, ஒரு தடவதான் சொன்ன? இன்னொரு தடவ சொல்லு."

ரஞ்சனி விழுங்கினாள். விரல்கள் காதுக்குப் போயின. உதடு ஊதியது. குரல் வரவில்லை. மைக் முன்னால் அப்பாவுக்கு நடப்பது அன்றைக்கு அவளுக்கு நடந்தது. அப்பா அவள் தலையில் கை வைத்து, "பரவால்ல பாப்பா. ஒரு தடவையிலயே கேட்டுருச்சு," என்றார்.

போவதற்கு முன் அவள் மெத்தை அறையை விட்டு வெளியே வரவே இல்லை. ஆயுத பூஜை, தீபாவளி, பொங்கல், தண்ணீர் வராது, தண்ணீர் வரும், கண் முகாம், கால்நடை முகாம் என்று வருகிற காலத்தையெல்லாம் முன்கூட்டியே பேசி வைத்தாள். போனிலேயே குரல் செய்துதருகிற வித்தை ஒன்று வந்திருப்பதாக யாரோ சொல்ல, குழந்தைவேல் போட்டுக் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தார். "மூச்சே வுடாம பேசுது. எந்த மனுசி அப்படிப் பேசுவா? கேக்கற நமக்கு மூச்சு முட்டுது." கடைசியில் நந்தினி வந்தாள். பேரளியில் சாலையோர வீடு, பெரம்பலூரில் கல்லூரி. ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பேசிவிட்டுப் போவதாக ஏற்பாடு. முதல் நாள் மைக் முன்னால் உட்கார்ந்து, எல்லாவற்றையும் ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு எழுந்தாள். "ஒன் தங்கச்சி எங்க? அவளையும் கூப்புடு," என்றாள் ரஞ்சனி. இத்தனை வருடக் கடன் தீர்ந்தது.

அரியலூர் ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றார்கள். மலர்கொடி புளிசோற்றுப் பொட்டலத்தைப் பையின் மேலே வைப்பதா அடியில் வைப்பதா என்று மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தாள். குழாயில் வண்டி வருகிற செய்தி தமிழில் வந்தது. பிறகு இந்தியில். பிறகு ஆங்கிலத்தில். குழந்தைவேல் அண்ணாந்து குழாயையே பார்த்தார்.

"பாத்தியா பாப்பா, கவருமெண்டுக்காரன் மூணு தடவ சொல்றான். நாம ரெண்டு தடவையோட நிறுத்தி ஊர ஏமாத்திட்டோம்."

வண்டி நகர்ந்தபோது அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "போயிட்டு வரேம்ப்பா, போயிட்டு வரேம்மா" என்றாள். அதை எத்தனை தடவை சொன்னாள் என்று யாரும் கவனிக்கவில்லை.

இப்போது முதல் வருடம். போனில் அம்மா எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் 'எஸ்தோய் பியேன்' என்கிறாள். மலர்கொடியும் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி 'எஸ்தோய் பியேன்' என்று திருப்பிச் சொல்லிவிட்டு, ரசத்துக்கு உப்புப் போடப் போகிறாள். வகுப்பில் ரஞ்சனிக்கு 'எக்கோ' என்று பெயர். குறுந்தாடிக்காரர் வைத்தது.

தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோது நந்தினி கல்லூரி பஸ்ஸிலிருந்து பார்த்த ஒரு சங்கதி சொன்னாள். அதுவரை ரஞ்சனிக்குத் தெரியாது.

"ஒங்கப்பா எந்த நாட்டுக் கட்சிக்குடி பேசறாரு?"

பெரம்பலூர்ப் பக்கம், வாலிகண்டபுரம்வரை, அறிவிப்பு வேலைக்குப் போய்விட்டுப் பொழுது சாயக் காலி ஆட்டோவில் திரும்பும் நாட்களில், பேரளி தாண்டி இரண்டு பக்கமும் மக்காச்சோளமும் பருத்தியுமாக ஆளில்லாமல் கிடக்கும் அந்த இடத்தில், குழந்தைவேல் குழாயைப் போடுகிறாராம். அழித்துவிட்டதாகச் சொன்ன அந்தப் பதிவு. மே யாமோ சிவரஞ்சனி, மே யாமோ சிவரஞ்சனி என்று முன்குழாய் சோளத்துக்கும் பின்குழாய் பருத்திக்கும் சொல்லிக்கொண்டே போகுமாம். அதில் அவருக்குப் புரிகிற வார்த்தைகள் மூன்றுதான். மகளின் பெயர், ஊரின் பெயர், தன் பெயர். தன் பெயர் வருகிற இடம் நெருங்கும்போது ஆட்டோவை ஓரம்கட்டி, ஒரு கையால் சத்தத்தைக் கூட்டி வைப்பாராம். குழந்தைவேல் என்று இரண்டாவது தடவையும் கேட்டு முடித்த பிறகுதான் வண்டியை எடுப்பாராம்.